பம்புக்குத் தெரியாத ஒசரம்

முதல்லயே ஒத்துக்கிறேன். மலைக்கு ஒசரம்னு ஒண்ணு உண்டுங்கறதை நான் மறந்துட்டேன். போடியில பொறந்து, தெனமும் காலையில மேற்க இருக்குற மலையப் பாத்துக்கிட்டே பல்லு வெளக்கி வளந்தவன் நான். இருபத்தஞ்சு வருசமா பைப்புச் சோலியிலதான் சோறு திங்கிறேன். இந்த ரெண்டு தகுதியும் உள்ள ஒருத்தன், மலைச்சரிவுல பைப்பு போடுறப்ப சரிவை மட்டும் கணக்குல எடுக்காம விட்டா அவனை என்னன்னு சொல்றது? என் தங்கச்சி மாப்ள ஒண்ணு சொன்னான். அதை இங்க எழுத முடியாது.

நான் இப்ப இருக்குறது டென்மார்க்குல. சப்பாத்திக்கட்டைய வச்சுத் தேச்சு விட்ட மாதிரி ஒரு நாடு. போன புதுசுல ஒருநா என் மொதலாளி நீல்சோட வேன்ல போறேன். "முன்னாடி ஒரு பாக்கே வருது, சாமானெல்லாம் சரியும், பிடிச்சுக்க"ன்னான். பாக்கேன்னா அவங்க பாஷையில குன்று. நானும் கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு, போடிமெட்டு வளைவு மாதிரி ஒண்ணு வரப்போகுதுன்னு காத்துக்கிட்டே இருக்கேன். வரக்காணோம். "எங்க?"ன்னு கேட்டா, "அது அப்பவே போயிருச்சே"ங்கறான். திரும்பிப் பாத்தா ரோடு லேசா முதுகைத் தூக்கியிருக்கு. படுத்துருக்குற எருமை மூச்சு விட்டா அதைவிட ஒசரமா ஏறி எறங்கும். அங்க ஒரு மேட்டுக்கு வானமலைன்னே பேரு வச்சிருக்காங்க. ஒரு ஞாயித்துக்கிழமை பிரியமா கூட்டிட்டுப் போயி காட்டுனான். நான் அது மேல நின்னுக்கிட்டே "சரி, மலை எங்க?"ன்னு கேட்டுட்டேன். ரெண்டு நாள் எனக்கு மொகம் குடுத்துப் பேசல.

நான் அங்க போனது என் தெறமையில இல்ல. வீட்டுக்காரிக்குக் கம்ப்யூட்டர் வேலை கெடைச்சுச்சு, அவ விசாவுல நானும் ஒட்டிக்கிட்டுப் போனேன், வாழை எலையில ஒட்டிக்கிட்டுப் பந்திக்கு வந்த எறும்பு மாதிரி. போடியில மோட்டார்க் கடையில மெக்கானிக்கா இருந்த அனுபவத்தைச் சொல்லி நீல்சுகிட்ட சேந்தேன். அவன் வீடுகளுக்கு ஹீட் பம்பு போடுறவன். ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு மிசினு அது. ஃபிரிட்ஜு தனக்குள்ள இருக்குற சூட்டை உறிஞ்சி வெளிய தள்ளும். இது வெளிய மண்ணுலயோ தண்ணியிலயோ கெடக்குற கொஞ்சநஞ்ச சூட்டை உறிஞ்சி, தெரட்டி, வீட்டுக்குள்ள தள்ளும். அந்தச் சூட்டைக் கொண்டாறதுக்கு மண்ணுக்கடியில நீளநீளமா பைப்பைப் புதைச்சு அதுல தண்ணிய சுத்த விடுவாங்க. அந்தப் பைப்பு என்ன சாமான்ல செஞ்சது, அதோட சொவரு எத்தனை கனம், இதுதான் எங்க தொழில்ல பாதி.

மொத நாளே நான் கேட்டேன், "எத்தனை கிலோ பைப்பு?"ன்னு. நம்ம ஊர்ல பைப்பு எவ்வளவு அழுத்தம் தாங்கும்ங்கறதை கிலோவுலதான சொல்லுவோம், நாலு கிலோ, ஆறு கிலோ, பத்து கிலோன்னு. நீல்சு சுருளைத் தூக்கிப் பாத்துட்டு, "முப்பது இருக்கும். ஏன், இடுப்பு வலியா ஒனக்கு?"ன்னான். சரி, இந்த ஆளுக்குப் பேச்சுப் புரியாதுன்னு நானே கனமான பைப்பாப் பாத்து எடுத்து நீட்டுனேன். கனமா இருந்தா நல்ல சாமான், அவ்வளவுதான நமக்குத் தெரிஞ்ச சாத்திரம். எவர்சில்வர் பானையக்கூட சுண்டிப் பாத்து வாங்குற ஆளுக நாம. அவன் அதை வாங்கித் திரும்ப வச்சுட்டு, நான் போட்டுருந்த குளிர்க்கோட்டைத் தொட்டுக் காட்டுனான். "பிளாஸ்டிக் சொவரு இந்தக் கோட்டு மாதிரி. கனம் ஏற ஏற மண்ணுல இருக்குற சூடு தண்ணிக்கு வராது. அழுத்தத்தைத் தாங்குற அளவுக்கு இருந்தா போதும். அதுக்கு மேல ஒரு நூலு கூட வேண்டாம்." நல்ல வார்த்தைதான். ஆனா அவன் சொன்னதுல பின்பாதி மட்டும் என் மண்டையில தங்கிருச்சு. தாங்குற அளவுக்குங்கற முன்பாதி வழியில எங்கயோ கழண்டு விழுந்துருச்சு. அந்தத் தட்டை ஊர்ல அது இல்லாமலே பதினாலு வருசம் ஓடவும் செஞ்சுச்சு.

என் தங்கச்சி சுமதியக் கட்டுனவன் செல்வம். போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழ அவனுக்கு நாலு ஏக்கரு ஏலத்தோட்டம். ஏலக்காயப் பறிச்சு அப்பிடியே வைக்க முடியாது. ஸ்டோருன்னு சொல்ற ரூமுக்குள்ள தட்டுதட்டாப் பரப்பி, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் விடாம ஒரே சூட்டுல காய வைக்கணும். சூடு கூடுனா காய் வெடிக்கும், நடுவுல நின்னுச்சுன்னா பச்சை போயி வெளுத்துரும். ஏலக்காய்க்கு அந்தப் பச்சைதான் உசுரு. அந்தச் சூட்டுக்கு ஸ்டோருக்குப் பின்னாடி ஒரு வெறகடுப்பு உண்டு. அதுக்கு வெறகு தள்ளுறது சுமதி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து, ஒவ்வொரு காய் எடுப்புக்கும், மூக்கை ஒரு துண்டால கட்டிக்கிட்டு அவதான் தள்ளுவா. போன்ல பேசுறப்ப அவ பேச்சுக்கு நடுவுல ஒரு விசில் சத்தம் கேக்கும். நான் ரொம்ப நாளா நெட்வொர்க்குன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். தேனியில டாக்டரு பாத்துட்டு, "பொகைக்கும் ஒங்களுக்கும் இனிமே சம்பந்தமே இருக்கக்கூடாதும்மா"ன்னுட்டாரு. அதை அவ சிரிச்சுக்கிட்டே சொன்னா. சிரிப்புக்குள்ளயும் விசில் அடிச்சுச்சு.

அங்கதான் நான் அண்ணன் வேசம் கட்டுனேன். "ஹீட் பம்பு போட்டுருவோம். ஓடையில தண்ணி நிக்கிற கசம் இருக்குல்ல, அதுக்குள்ள பைப்பைச் சுருட்டிப் போட்டு சூட்டை எடுப்போம், ஸ்டோருக்குள்ள விடுவோம். வெறகு இல்ல, பொகை இல்ல"ன்னேன். டென்மார்க்குல ஒக்காந்துக்கிட்டே, வானத்துல இருந்து எடுத்த படத்துல மாப்ளயோட தோட்டத்தைத் தேடிப் புடிச்சேன். ஸ்டோருல இருந்து கசத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். நூத்தம்பது மீட்டருன்னு வந்துச்சு. கம்ப்யூட்டர்ல பாத்தா பச்சைப்பசேல்னு ஒரு பாயி விரிச்ச மாதிரி இருந்துச்சு தோட்டம். பாயில ஒரு கோடு. எவ்வளவு சுலபம்.

லீவு போட்டு வந்து எறங்குனேன். வர்றப்பவே முட்டி வலி. டென்மார்க்குல தரைக்கடியில பைப்பு பதிக்க முட்டி போட்டே வேலை பாத்து வந்த சீக்கு. அதனால தோட்டத்துல எங்க போறதுன்னாலும் செல்வம் ஜீப்புலயே கூட்டிட்டுப் போயிருவான். ஸ்டோரு மேட்டுல இருக்கு, கசம் அடியில இருக்கு. ஆனா ஜீப்புப் பாதை தோட்டத்தைச் சுத்திக்கிட்டு வளைஞ்சு வளைஞ்சு எறங்கும். நான் முன் சீட்டுல ஒக்காந்து, நீல்சு எப்பிடி ஆளு, அங்க ரொட்டி எப்பிடி கருப்பா இருக்கும்னு கதையளந்துக்கிட்டே எறங்குவேன், அளந்துக்கிட்டே ஏறுவேன்.

போடியில பைப்புக் கடைக்குப் போனோம். கடைக்காரரு கேட்ட மொதக் கேள்வி, "மலைக்கா, தோட்டத்துக்கா?" அந்த ஊர்ல பைப்பு விக்கிறவரு எல்லாரையும் அதைத்தான் கேப்பாரு. சிலமலை பக்கம் தட்டுத் தரையில போடுற பைப்பு வேற, மலையில தொங்குற பைப்பு வேற. நான் என்ன சொன்னேன்? "ஹீட் பம்புக்கு"ன்னேன். அவரு அப்பிடி ஒரு எடம் இருக்கா இல்லயான்னு யோசிக்கிற மாதிரி என்னையப் பாத்தாரு. "எத்தனை கிலோண்ணே வேணும்?" "கிலோ எல்லாம் பழைய கணக்கு"ன்னு சொல்லி, டென்மார்க்குல இருந்து கொண்டாந்த அளவு இடுக்கிய எடுத்து ஒவ்வொரு பைப்பா சொவரு கனம் பாத்தேன். இருக்குறதுலயே மெலிசா ஒரு கருப்புப் பைப்பு, ஆறு கிலோ பைப்பு, அதைத் தொட்டு "இது"ன்னேன்.

நான் சொன்னதெல்லாம் தப்புன்னும் சொல்ல முடியாது. ஸ்டோருக்குள்ள சுடுதண்ணி ஓடுற பக்கத்துக்கும் அதே கருப்புப் பைப்பையே போட்டுரலாம்னான் செல்வம். நான் சுமதி அடுப்படியில கொதிக்கிற தண்ணிக்குள்ள ஒரு துண்டு பைப்பைப் போட்டு எடுத்து, கரண்டியால மடக்கிக் காட்டுனேன். எடியாப்பம் மாதிரி மடங்கிருச்சு. "பச்சைத்தண்ணிக்கு இது, சுடுதண்ணிக்கு நடுவுல அலுமினியத் தகடு வச்ச பைப்பு"ன்னேன். மாப்ள அசந்து போயிட்டான். "மச்சானுக்கு வெசயம் தெரியும்டீ"ன்னான் சுமதிகிட்ட. அந்த ஒரு துண்டு எடியாப்பம்தான் என் மேல அவங்களுக்கு நம்பிக்கை வர வச்சுச்சு. அது இல்லாட்டி நான் தப்பிச்சிருப்பேன், அவங்களும் தப்பிச்சிருப்பாங்க.

பேச்சியம்மாவ இப்பச் சொல்லிரணும். சிலமலைக்காரி. என் வயசு இருக்கும். காலையில வேலையாளுங்க ஜீப்புல மேட்டுக்கு வந்துருவா. மத்த பொம்பளைங்க காய் பறிப்பாங்க, இவ சோலி ஓசு. மேல ஊத்துல இருந்து செடிகளுக்குத் தண்ணி எறக்குற ரப்பர் ஓசு எல்லாம் இவ பொறுப்பு. எங்க அடைச்சிருக்கு, எங்க கழண்டிருக்குன்னு சரிவுல ஏறி எறங்கி பாத்துக்கிட்டே இருப்பா. நான் பைப்பு போடுறதைப் பாத்துட்டு வந்து நின்னா.

"அண்ணே, நடுவுல தொட்டி எங்க வைக்கிறீங்க?"

"எதுக்குத் தொட்டி?"

"மேல இருந்து ஒரே ஓட்டமா எறக்குனா ஓசு கிழிஞ்சுரும்ணே. நாங்க நடுவுல ரெண்டு தொட்டி வச்சு, நிறுத்தி நிறுத்திதான் எறக்குவோம்."

நான் சிரிச்சேன். அந்தச் சிரிப்பை நெனைச்சா இன்னைக்கும் காது சுடுது. "இது மூடுன பைப்பும்மா. தண்ணி வெளிய வராது, சுத்திக்கிட்டே இருக்கும். ராட்டினம் பாத்துருக்கல்ல? ஒரு பக்கம் எறங்குற ஆளு கனமே மறுபக்கம் ஆளை ஏத்திவிட்டுரும். அதனால பம்புக்கு ஒசரமே தெரியாது"ன்னேன். அதுவும் நூத்துக்கு நூறு உண்மைதான். பம்புக்குத் தெரியாது.

அவ கொஞ்ச நேரம் பைப்பைப் பாத்தா. "ராட்டினம் சுத்தட்டும்ணே. தூணு தாங்கணும்ல?"ன்னா. நான் அதுக்குள்ள வேற பக்கம் திரும்பிட்டேன்.

இன்னொரு கூத்து. பைப்பை விரிச்சா, போற பக்கம் வர்ற பக்கம் ரெண்டுலயும் பத்தொம்பது இருபது மீட்டரு பத்தல. கடைக்காரரு அளவுல கொறைச்சுட்டாருன்னு ஜீப்பெடுத்துட்டுப் போடிக்கே எறங்கி வந்து சண்டை போட்டேன். அந்த மனுசன் சாந்தமா, "மலைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூட்டிக் குடுத்திருப்பேனேண்ணே"ன்னாரு. அப்பயாச்சும் ஒறைச்சிருக்கணும். படத்துல இழுத்த கோடு படுத்துக் கெடக்குற கோடு, தரையில போற பைப்பு சாஞ்சு எறங்குற பைப்பு, அந்த வித்தியாசந்தான் அந்த இருபது மீட்டருன்னு. ஒறைக்கல. கூட ஒரு சுருளு வாங்கி ஒட்டுப்போட்டுட்டு, கடைக்காரரை மன்னிச்சுட்டதா வேற நெனைச்சுக்கிட்டேன்.

தண்ணி ரொப்பி, மேல மிசினுகிட்ட ஒண்ணரை கிலோ அழுத்தம் வச்சு ஓட்டி விட்டேன். ஓடுச்சுங்க. அழகா ஓடுச்சு. மொதப் பறிப்புக் காய் தட்டுல போச்சு. சுமதி ஸ்டோரு வாசல்ல ஒரு சேரு போட்டு, கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தா. "என்ன செய்யிறதுன்னே தெரியலண்ணே, கை சும்மா இருக்கு"ன்னா. காய் எறக்குனப்ப அந்தப் பச்சை அப்பிடியே நின்னுருந்துச்சு. நான் நீல்சுக்குப் படம் அனுப்புனேன். சொந்தக்காரங்களுக்கு அனுப்புனேன். போடியில டீக்கடையில கேக்காதவங்களுக்கும் வெளக்கம் சொன்னேன். நாலாம் நாளு செல்வம், "அப்ப இந்த அடுப்பு எதுக்கு மச்சான் எடத்தை அடைச்சுக்கிட்டு?"ன்னான். "பிரிச்சுரு"ன்னேன். சும்மா சொல்லல, கடப்பாறைய வாங்கி மொதச் செங்கலை நானே பேத்தேன். போட்டோ இருக்கு. என் வாழ்க்கையில நான் எடுத்துக்கிட்டதுலயே மோசமான போட்டோ.

எட்டாம் நாளு பேச்சியம்மா வந்து, "அண்ணே, கசத்துக்கு மேல பாறையில பைப்பு ஒரு எடத்துல புடைச்சிருக்கு. சாரைப்பாம்பு எலிய முழுங்குன மாதிரி"ன்னா. "வெயிலுக்கு அப்பிடித்தான் இருக்கும், எலை வெட்டி மூடிப் போடும்மா"ன்னேன். எறங்கிப் போயி பாக்கல. ஜீப்பு வேற டவுனுக்குப் போயிருந்துச்சு.

ஒம்பதாம் நாளு, காலையில பத்து மணி வெயிலு. முந்துன நாளு சாயங்காலம் பரப்புன காய் தட்டுல பாதி காஞ்சு இருக்கு. கீழ இருந்து ஒரு சத்தம், யாரோ வெறகை முறிச்ச மாதிரி. அடுத்து பொம்பளைங்க கத்துற சத்தம். மேல மிசினு ரெண்டு தடவை கனைச்சுட்டு நின்னுருச்சு. அழுத்தம் காட்டுற முள்ளு என் கண்ணு முன்னாடியே சுழியத்துல போயி ஒக்காந்துச்சு. பேச்சியம்மா தலையில இருந்து கால் வரைக்கும் நனைஞ்சு மேல ஏறி வந்தா.  கையில பொளந்த பைப்புத் துண்டு ஒண்ணு வச்சிருந்தா. அதை என் முன்னாடி வச்சா. புடைச்சு, மெலிஞ்சு, நீளவாக்குல கிழிஞ்ச துண்டு.

கணக்கு ஒண்ணும் பெருசு இல்ல. அங்க ஓசு பாக்குற யாருக்கும் தெரியும், முப்பது அடி தண்ணி நிமுந்து நின்னா அடியில ஒரு கிலோ அழுத்தம். தண்ணி சுத்துதா, நிக்குதா, மூடியிருக்கா, தெறந்திருக்கா, எதுவும் கணக்கில்ல, அது நிமுந்து நிக்குது. ஸ்டோருக்கும் கசத்துக்கும் எழுபத்தஞ்சு மீட்டரு ஒசரம். அதாவது ஏழரை கிலோ. ஏழரைன்னா நம்ம ஆளுங்க சனியத்தான் சொல்லுவாங்க. இந்தத் தடவை சனி பாவம், ஒண்ணும் செய்யல. ஏழரையோட நான் மேல வச்ச ஒண்ணரை சேத்து ஒம்பது. ஆறு கிலோ பைப்பு எட்டு நாள் பொறுத்ததே பெருசு. அதுவும் வெயில்ல சூடேறிப் பாறையில கெடந்த பைப்பு.

அன்னைக்குப் பகல் பூராம் பாதி காஞ்ச காய அள்ளி ஜீப்புல போட்டு, மெட்டைத் தாண்டி கேரளாப் பக்கம் தோட்டம் வச்சிருக்குற வர்கீசுச் சேட்டன் ஸ்டோருக்குக் கொண்டு போனோம். அவரு தட்டை ஒழிச்சுக் குடுத்தாரு. எங்க காயக் கையில எடுத்துப் பாத்து, "அய்யோ, பச்ச போயல்லோ"ன்னாரு.  பாதிக்காய் வெளுத்துருச்சு. திரும்பி வந்தா, செல்வம் பேத்துப் போட்ட செங்கலை அடுக்கிக்கிட்டு இருக்கான்.

"என்ன மாப்ளே?"

"அடுத்த பிளாக்கு எடுப்புக்கு நாலு நாள்தான் மச்சான் இருக்கு. அடுப்பைக் கட்டிர்றேன். வெறகுக்கு பிரசர் கெடையாது."

 சுமதி ஸ்டோரு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா. என்னையத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ பாட்டுக்கு உள்ள போயி, கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்குன அந்தப் பழைய துண்டை எடுத்தா. மூக்கைக் கட்டுற துண்டு. தூசி தட்டி மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டா. தட்டுனதுக்கே இருமுனா. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு, பேத்த செங்கல் மேலயே ஒக்காந்துட்டேன்.

பேச்சியம்மாதான் பக்கத்துல வந்தா. "எல்லாத்தையும் எதுக்குண்ணே பிரிக்கணும்? மேல பாதி நல்லாத்தான இருக்கு. அடியில மட்டும் கனத்தைப் போடுங்க. நாங்க ஓசுக்கு அப்பிடித்தான செய்வோம், தொட்டி வைக்க எடம் இல்லாத சரிவுன்னா மேல லேசு, கீழ கட்டி"ன்னா. நான் அவளைப் பாத்தேன். பதினாலு வருசமா ஒரே கனத்துல ஒரே பைப்பைச் சுருளு சுருளாப் பதிச்சவன். ஒரே கோட்டுல மூணு கனம் போடலாம்னு எனக்குத் தோணவே இல்ல. தட்டையான தரையில எதுக்குத் தோணப்போகுது? மேல இருக்குற தண்ணிக்கும் கீழ இருக்குற தண்ணிக்கும் அங்க வித்தியாசமே கெடையாதே.

மறுநாள் காலையில கடை தெறக்குறப்பவே போயி நின்னேன். கடைக்காரரு வாயத் தெறக்குறதுக்கு முன்னாடியே, "மலைக்கு"ன்னேன். அவரு சிரிக்கல, அது அவரு பெருந்தன்மை. மேல மூணுல ஒரு பங்குக்கு இருந்த ஆறு கிலோவையே விட்டோம். நடுவுல பத்து கிலோ. அடியிலயும் கசத்துக்குள்ளயும் பதினாறு கிலோ. சொவரு கனமானதால உள்வாய் சிறுத்துப் போகும், அதனால அடியில ஒரு சைசு பெருசா எடுத்தேன். நீல்சு சொன்ன குளிர்க்கோட்டுக் கணக்கும் பொய்யில்லயே, கனமான சொவரு வழியா சூடு மெதுவாத்தான் வரும். அதுக்கு ஈடா கசத்துக்குள்ள சுத்தைக் கூட்டிப் போட்டேன். பாறையில போற பைப்பை எல்லாம் ஏலத்தோகை வெட்டி மூடுனோம். பேச்சியம்மா மொதல்லயே சரிவுல குறி போட்டு வச்சிருந்தா, இது வரைக்கும் பத்து, இதுக்குக் கீழ பதினாறுன்னு, அளவு நாடா ஒண்ணும் இல்லாம. மூணு நாளு. மாப்ளயும் கூட நின்னு வேலை பாத்தான், ஆனா செங்கலைக் கலைக்கல. பாதி எழும்புன சொவரு அப்பிடியே நின்னுச்சு. நாலாம் நாள் சாயங்காலம் காய் தட்டுல ஏறுச்சு. மறுநாள் எறக்குனப்ப சுமதி ஒரு காய எடுத்து உள்ளங்கையில வச்சு வெளிச்சத்துல பாத்தா. பச்சை. அந்தத் துண்டைக் கொண்டு போயி பாத்திரம் தொடைக்கப் போட்டா. அப்பறந்தான் செல்வம் செங்கலைக் கலைச்சான். நான் கடப்பாறையத் தொடல.

இப்ப நான் டென்மார்க்குல இருக்கேன். சுமதி தெனமும் ரெண்டு படம் அனுப்புறா. ஸ்டோருல ஒரு முள்ளு, கசத்துகிட்ட ஒரு முள்ளு, ரெண்டு எடத்துலயும் அழுத்தம் பாக்குற மீட்டரு வச்சுட்டு வந்தேன். மேல ஒண்ணரை, கீழ ஒம்பது. ஒரே தண்ணி, ஒரே பைப்பு, ஒரே நேரம். இங்க பஸ்சுல போறப்ப அந்த ரெண்டு படத்தையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருப்பேன். இந்தத் தட்டை ஊர்ல நான் ஒண்ணரை கிலோவுல லேசாத்தான் சுத்திக்கிட்டு இருக்கேன். யாரும் ஒண்ணும் கேக்குறதில்ல, எனக்கும் ஒண்ணும் தெரியிறதில்ல. ஊருக்குப் போயி எறங்குன ஒடனே அதே ஆளு மேல ஒம்பது கிலோ ஏறுது. தங்கச்சி மூச்சு, மாப்ள நம்பிக்கை, என் வாயி எல்லாம் சேந்து. இங்க செஞ்ச கனத்துல அங்க போயி நின்னா, புடைக்காம என்ன செய்யும்? நீல்சுகிட்ட நடந்ததை மறைக்காமச் சொன்னேன். படத்தைப் பெருசு பண்ணிப் பாத்துட்டு, "எழுபத்தஞ்சு மீட்டரா? அது ஒங்க ஊர்ல மலையா?"ன்னு கேட்டான். "இல்ல, அது ஒரு தோட்டம்"னேன். 

ஊருல இருந்து கெளம்புற அன்னைக்கு, ஜீப்புல பெட்டிய ஏத்திட்டு நிக்கிறப்ப, மனசு கேக்காம பேச்சியம்மாகிட்ட கேட்டுட்டேன். "ஏம்மா, நானும் இந்த ஊர்க்காரன்தான. இட்லிச் சட்னி மறக்கல, பேச்சு மறக்கல, இந்த மலை மட்டும் எப்பிடிம்மா எனக்கு மறந்துச்சு?"ன்னு. ஆறுதலா ஒண்ணு சொல்லுவான்னு எதிர்பாத்தேன். அவ ஓசுச் சுருளைத் தோள்ல மாட்டிக்கிட்டு, சரிவுல ஒரு கால வச்சுட்டு, திரும்பிப் பாத்துச் சொன்னா:

"வந்த நாள்ல இருந்து ஜீப்புலயேதானண்ணே போயி வந்தீங்க. ஒரு நடை கீழ எறங்கி ஏறியிருந்தா, ஒங்க முட்டியே சொல்லியிருக்கும்."